கார்த்திகை தீபம்: அம்மா வீட்டு நாளா, மாமியார் வீட்டு நாளா?

உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொள்கிறேன். கல்யாணமாகி சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறீர்கள். 2025-ல் உங்கள் அம்மா வீட்டில் டிசம்பர் 3 அன்று கார்த்திகை தீபம் ஏற்றினார்கள், மாமியார் வீட்டில் மறுநாள் 4-ஆம் தேதி ஏற்றினார்கள். தினசரிக் காலண்டரைப் பார்த்தால் அண்ணாமலையார் தீபம், சர்வாலய தீபம், பாஞ்சராத்திர தீபம் என்று மூன்று பெயர் போட்டிருக்கிறது. இதில் எது சரி, எத்தனை விளக்கு, போன மார்ச்சில் பெரியப்பா தவறியதால் ஏற்றவே கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தேதியைத்தான் கேட்பது போல இருந்தாலும், இரண்டு வீட்டில் ஒரு வீடு தப்பாகச் செய்கிறதோ என்ற பயம்தான் உள்ளே இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. முதலில் அதற்குப் பதில்: இல்லை, இரண்டு வீடும் சரியாகத்தான் செய்கிறார்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் திருவண்ணாமலைக்காரன். அப்பா பஞ்சாங்கம் பார்ப்பவர், அவரிடம்தான் திதி நட்சத்திரக் கணக்கைக் கற்றுக்கொண்டேன், இன்றும் தெருக்காரர்களுக்கு நாள் பார்த்துச் சொல்கிறேன். அர்ச்சகர் இல்லை, ஆகமம் முறையாகப் படித்தவனும் இல்லை. அதனால் நாள் கணக்கைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். கோயில் விதி என்று வரும் இடத்தில் நான் பார்த்ததை மட்டும் சொல்வேன்.

கணக்கு இதுதான். சூரியன் விருச்சிக ராசியில் இருக்கும் மாதம் கார்த்திகை. பௌர்ணமி என்றால் சந்திரன் சூரியனுக்கு நேர் எதிரே நிற்கிறது, அப்படியானால் இந்த மாதத்துப் பௌர்ணமியில் சந்திரன் இருக்கும் ராசி ரிஷபம். ரிஷபத்தில் மூன்று நட்சத்திரங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன: கார்த்திகையின் கடைசி மூன்று பாதம் (பாதம் என்றால் ஒரு நட்சத்திரத்தின் கால் பங்கு), ரோகிணி முழுவதும், மிருகசீரிடத்தின் முதல் இரண்டு பாதம். சூரியன் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு பாகை நகர்வதால், பௌர்ணமி மாதத்தின் முதல் பத்து நாளுக்குள் வந்தால் அது கார்த்திகை நட்சத்திரத்தில் விழும், நடுவில் வந்தால் ரோகிணியில், கடைசி வாரத்தில் வந்தால் மிருகசீரிடத்தில். ஆக, நட்சத்திரமும் பௌர்ணமியும் ஒன்றாகச் சேர்வது சில வருடங்களில்தான். 2021-ல் நவம்பர் 19, அதாவது கார்த்திகை 3-ஆம் தேதி, இரண்டும் சேர்ந்து வந்தன, எந்த வீட்டிலும் பேச்சு இல்லை. 2024-ல் பௌர்ணமி மாதத்தின் கடைசிக்குத் தள்ளிப்போய் டிசம்பர் 15 வரை இருந்தது, கார்த்திகை நட்சத்திரமோ 13-ஆம் தேதியே வந்துவிட்டது. திருவண்ணாமலையில் 13-ல் தீபம் ஏறியது. 2025-ல் கார்த்திகை நட்சத்திரம் டிசம்பர் 3 மாலை ஆறு மணி வாக்கில் பிறந்தது, பௌர்ணமித் திதி மறுநாள் காலையில்தான் ஆரம்பித்தது. உங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த ஒரு நாள் இதுதான், வேறொன்றும் இல்லை.

இப்போது அந்த மூன்று பெயர்களுக்கு வருவோம். திருவண்ணாமலையில் மாலையில் கார்த்திகை நட்சத்திரம் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். அன்று விடியற்காலை நாலு மணிக்குப் பரணி தீபம், மாலை ஆறு மணிக்கு மலைமேல் மகாதீபம். பெருமாள் கோயில்களில் பௌர்ணமிக்கும் ரோகிணிக்கும் அதிக எடை கொடுக்கிறார்கள். அதிலும் பாஞ்சராத்திர ஆகமத்தைப் பின்பற்றும் கோயில்களும் (ஸ்ரீரங்கம் அப்படி) வைகானசத்தைப் பின்பற்றும் கோயில்களும் (திருமலை அப்படி) தனித்தனி விதி வைத்திருப்பதால், சில காலண்டர்களில் வைகானச தீபம் என்று நாலாவது பெயர்கூடப் பார்க்கலாம். சர்வாலய தீபம் என்பது மற்ற ஆலயங்களுக்கெல்லாம் பொதுவான நாள். யாழ்ப்பாணத்துக்காரர்கள் இதை நம்மைவிடத் தெளிவாக வைத்திருக்கிறார்கள் என்று சொல்வேன். அங்கே இதற்கு விளக்கீடு என்று பெயர். கார்த்திகை நட்சத்திரத்தன்று முருகன் கோயில்களுக்குக் குமாராலய தீபம், பௌர்ணமியன்று சர்வாலய தீபம், ரோகிணியன்று விஷ்ணு ஆலய தீபம் என்று பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். குழப்பமே இல்லை.

இதில் இன்னொரு சிக்கல், பழைய வாக்கியங்களை வைத்துக் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கம், இன்றைய வானியல் கணக்கை வைத்துக் கணிக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கம் என்ற இரண்டு கணக்கு. இரண்டுக்கும் நட்சத்திரம் மாறும் நேரத்தில் சில மணி நேரம் வித்தியாசம் வரும். சாதாரண நாட்களில் யாரும் கவனிக்க மாட்டார்கள், சாயங்கால வேளையை ஒட்டி நட்சத்திரம் மாறினால் மட்டும் இரண்டு காலண்டர் இரண்டு தேதி காட்டும். அப்புறம், கார்த்திகை என்ற சூரிய மாதம் இருபத்தொன்பது, முப்பது நாள், சந்திரன் நட்சத்திர மண்டலத்தைச் சுற்றிவர இருபத்தேழு நாள் சொச்சம். அதனால் சில வருடம் ஒரே மாதத்தில் கார்த்திகை நட்சத்திரம் இரண்டு தடவை வந்துவிடும். 2024-ல் அப்படித்தான், நவம்பர் 16 (கார்த்திகை 1) அன்றும் கார்த்திகை நட்சத்திரம் இருந்தது. ஆனால் அதை ஒட்டி வந்த பௌர்ணமி அன்று விடியும் முன்பே முடிந்து ஐப்பசிக் கணக்கில் போய்விட்டது, எனவே வளர்பிறையில் பௌர்ணமியை ஒட்டி வந்த டிசம்பர் 13-தான் தீப நாள் ஆனது. அந்த நவம்பரில் 'நாள் போய்விட்டதே' என்று பதறிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

சரி, நீங்கள் எந்த நாள் ஏற்றுவது? வீட்டு விளக்குக்கு நான் சொல்வது, எந்த வீட்டில் இருக்கிறீர்களோ அந்த வீட்டு வழக்கம். மாமியார் வீட்டில் கூட்டுக் குடும்பமாக இருந்தால் அவர்கள் நாளில் அவர்களோடு ஏற்றுங்கள். நீங்களும் கணவரும் தனிக்குடித்தனம் என்றால், தாராளமாக இரண்டு நாளும் ஏற்றலாம். இது சமரசத்துக்காகச் சொல்வதில்லை, பல ஊர்களில் வழக்கமே மூன்று நாள்தான். முதல் நாள் பரணி தீபம் என்று வாசலில் ஒன்றிரண்டு, நடுநாளில் வீடு முழுக்க, மறுநாள் குப்பைக் கார்த்திகை என்று மாட்டுத்தொழுவம், குப்பைமேடு, கிணற்றடி எல்லாவற்றிலும் ஒவ்வொரு விளக்கு. குப்பைமேட்டில் விளக்கு வைப்பது எனக்கு மிகவும் பிடித்த வழக்கம். இப்போது நகரத்தில் குப்பைமேட்டுக்கு எங்கே போவது, மாநகராட்சித் தொட்டிக்குப் பக்கத்தில் விளக்கு வைத்தால் அது வேறு வம்பு.

எது பழைய வழக்கம் என்று கேட்டால், நட்சத்திரமும் நிலவும் சேர்ந்த இரவு என்பதற்குத்தான் சான்று இருக்கிறது. அகநானூற்றின் 141-ஆம் பாட்டில் நக்கீரர் இந்த விழாவைச் சொல்கிறார்: நிலா நிறைந்து அறுமீனோடு சேரும் நள்ளிரவில், தெருவெல்லாம் விளக்கு வைத்து, மாலை தொங்கவிட்டு, பழைய ஊரில் எல்லோரும் கூடிக் கொண்டாடுவது. அறுமீன்தான் கார்த்திகை. கவனித்துப் பாருங்கள், அந்த வரிகளில் சிவனும் இல்லை, முருகனும் இல்லை, பெருமாளும் இல்லை. விளக்கும் தெருவும் ஊரும் மட்டும். அடிமுடி தேடிய கதை, ஆறு கார்த்திகைப் பெண்கள் முருகனை வளர்த்த கதை, உமை இறைவனின் இடப்பாகம் பெற்ற கதை எல்லாம் இந்த நாளோடு சேர்ந்திருக்கின்றன. இதில் ஒரு கதையால்தான் விழா பிறந்தது என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள், அதை நிறுவ வழியில்லை. விழா கதைகளுக்கு முன்பே இருந்தது என்பது என் எண்ணம். உறுதி என்று சொல்லத்தக்கது அந்த அகநானூற்றுப் பாட்டும், அதற்குப் பின் ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் மயிலாப்பூரில் பாடியதும். இறந்துபோன பூம்பாவை என்ற பெண்ணை அழைக்கும் பதிகத்தில், கபாலீச்சரத்து விழாக்களை வரிசையாகச் சொல்லி, இதையெல்லாம் காணாமல் போவாயோ என்று கேட்கிறார். அதில் 'தொல்கார்த்திகை நாள்' விளக்கீடும் வருகிறது. அவர் காலத்திலேயே இது தொன்மையான விழா. நீங்கள் சென்னையில் இருப்பதால் இதைச் சொல்கிறேன், கார்த்திகைக்குத் திருவண்ணாமலைக்கு வந்தே ஆகவேண்டும் என்ற அவசியம் உங்களுக்கு இல்லை. மயிலாப்பூர் பக்கத்திலேயே இருக்கிறது.

ஆனாலும் எங்கள் ஊரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பத்து நாள் திருவிழா, ஏழாம் நாள் தேர், பத்தாம் நாள் தீபம். பரணி தீபத்தின்போது ஒரு தீபத்திலிருந்து ஐந்து தீபங்களை ஏற்றுவார்கள், ஒருவனே பலவாக ஆனதைக் காட்ட. மாலையில் பஞ்சமூர்த்திகள் கொடிமரத்துக்கு எதிரே வந்து அமர்ந்திருக்க, அர்த்தநாரீசுவரர் உள்ளேயிருந்து ஆடிக்கொண்டே வெளியே வருவார். வருடத்தில் இந்த ஒரு தடவை, சில நிமிடங்கள்தான். அவர் வரவும் கொடிமரத்தருகே அகண்ட தீபம் ஏறவும், 2,668 அடி உயர மலை உச்சியில் கொப்பரை பற்றிக்கொள்ளவும் ஒன்றாக நடக்கும். மலைமேல் தீபம் ஏற்றும் உரிமை பருவதராஜகுலத்தாருடையது, மீனவர் சமூகம். கொப்பரையைத் தூக்கிக்கொண்டு போவதிலிருந்து பதினொரு நாளும் அணையாமல் பார்த்துக்கொள்வது வரை அவர்கள் பொறுப்பு. 3,000 கிலோவுக்கு மேல் நெய், 1,000 மீட்டருக்குக் குறையாத காடாத் துணி, கற்பூரம். துணியை நெய்யில் தோய்த்துத் திரியாக்கிக் கொப்பரையில் இடுவார்கள். மலையில் தீபம் தெரிந்த பிறகுதான் ஊருக்குள் வீட்டு விளக்குகளை ஏற்றுவது எங்கள் வழக்கம். அதுவரைக்கும் அகலில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு, கையில் தீப்பெட்டியோடு மொட்டைமாடியில் நிற்போம்.

உங்கள் கணவர் ஒருமுறை வரலாம் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தீபத்தன்று வராதீர்கள் என்பதுதான் என் யோசனை, ஊர்க்காரனே சொல்கிறேன். கூட்டம் பல லட்சம், வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள், கோயிலுக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும். மலையேறுவதை நினைத்தே பார்க்க வேண்டாம். 2024 டிசம்பர் 1 அன்று புயல் மழையில் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள், அந்த வருடம் பக்தர்கள் மலையேறத் தடை போட்டார்கள், தீபம் மட்டும் ஏறியது. தீபம் பதினொரு நாள் எரிவதால், நாலைந்து நாள் கழித்து வாருங்கள். இரவில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் நடந்தால் பாதையின் பெரும்பகுதியில் மலையுச்சியில் சுடர் தெரியும், நிதானமாக நடக்கலாம். கொப்பரையில் சேரும் மையை மார்கழி ஆருத்ரா தரிசனத்தன்று நடராசருக்குச் சாத்திவிட்டுப் பக்தர்களுக்குக் கொடுப்பார்கள், அது வேண்டுமென்றால் அதற்குத் தனியாக வரவேண்டும்.

எத்தனை விளக்கு என்ற கேள்விக்கு வருகிறேன். வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றுகிறது, மொத்தம் இருபத்தேழு, வாசலில் இத்தனை, சமையலறையில் இத்தனை, எமனுக்கு ஒன்று என்று. இருபத்தேழு என்பது நட்சத்திரக் கணக்கு, அழகாகத்தான் இருக்கிறது, செய்ய ஆசையிருந்தால் செய்யுங்கள். ஆனால் அதைவிடக் குறைந்தால் குறை வரும் என்பதெல்லாம் யாரோ எழுதியது. எங்கள் தெருவில் வாசலில் இரண்டு விளக்கோடு நிறுத்தும் வீடும் உண்டு, மதில் முழுக்க வரிசை வைக்கும் வீடும் உண்டு, யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பூஜை அறையில் ஒன்று, நிலைப்படியின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, அதற்கு மேல் உங்கள் இடமும் எண்ணெயும். திசை, திரி எத்தனை, எந்த எண்ணெய்க்கு என்ன பலன் என்ற பட்டியல்களையும் இதே கணக்கில் வையுங்கள். நல்லெண்ணெய் போதும்.

உருப்படியான யோசனை வேண்டுமென்றால் இவைதான். வருடத்துக்கு இரண்டு புது அகலாவது வாங்குங்கள், தெருவில் கூடையில் வைத்து விற்பவர்களிடம். புது அகலை முந்தின நாளே தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவையுங்கள், இல்லாவிட்டால் மண் எண்ணெயைக் குடித்துவிடும், அரை மணியில் திரி கருகும். பஞ்சுத்திரியைக் கொஞ்சம் முன்னதாகவே எண்ணெயில் நனைத்து வைத்தால் சட்டென்று பற்றும். அடுக்குமாடியில் காற்றுதான் எதிரி, பால்கனிச் சுவரின் மேல் வைக்காமல் தரையில் சுவர் ஓரமாக வையுங்கள், கீழே விழுந்து யார் தலையிலாவது பட்டால் என்ன செய்வது. பொது நடைபாதையில் வைப்பதாக இருந்தால் கால்மிதியையும் செருப்பு அலமாரியையும் தள்ளிவைத்துவிட்டு, அணையும் வரை ஒருவர் கூடவே இருங்கள். பாவாடை, துப்பட்டா, வேட்டி நுனி எல்லாம் கவனம். பேட்டரி விளக்கு வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அலங்காரத்துக்கு வையுங்கள், ஆனால் ஒரு விளக்காவது எண்ணெயும் திரியுமாக இருக்கட்டும். எண்ணெய் விளக்கே கூடாது என்று குடியிருப்புச் சங்கம் சொன்னால் வீட்டுக்குள் ஏற்றுங்கள், அதற்காகச் சண்டை வேண்டாம்.

பெரியப்பா விஷயம். இதில் நான் தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லை. பொதுவாக நான் பார்த்தது, பங்காளி வீட்டில் இறப்பு நேர்ந்தால் ஒரு வருடத்துக்குப் பண்டிகை கொண்டாட மாட்டார்கள், பலகாரம் செய்ய மாட்டார்கள், சொந்தக்காரர்கள் செய்து கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆனால் தினமும் சாயங்காலம் ஏற்றும் விளக்கை யாரும் நிறுத்தியதாகப் பார்த்ததில்லை. இன்னொன்று, கல்யாணமான பெண்ணுக்குப் பிறந்த வீட்டுத் தீட்டு மூன்று நாளோடு முடிகிறது என்பதுதான் பல குடும்பங்களின் வழக்கம், அந்தக் கணக்கில் பார்த்தால் இது உங்கள் புகுந்த வீட்டைத் தொடவே தொடாது. சாதிக்குச் சாதி, குடும்பத்துக்குக் குடும்பம் இது மாறும், ஆகவே உங்கள் இரண்டு வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிடுங்கள். அவர்கள் சொல்வது என் பதிலோடு ஒத்துப்போகாவிட்டால் அவர்கள் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பலகாரத்தில் மட்டும் என் பாரபட்சத்தைச் சொல்லிவிடுகிறேன். நெல்பொரியை வெல்லப்பாகில் போட்டு, தேங்காய்ப்பல் சேர்த்துப் பிடிக்கும் உருண்டை எங்கள் பக்கம். பாகு கையில் உருட்டும் பதத்துக்கு வந்ததும் இறக்க வேண்டும், விட்டால் உருண்டை பல்லை உடைக்கும். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் போனால் கார்த்திகைக் கொழுக்கட்டை, பச்சரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய்த் துருவல், சுக்கு, ஏலக்காய் சேர்த்துப் பிசைந்து இளம் பனையோலைக்குள் வைத்துக் கட்டி வேகவைப்பது. அந்த ஓலை வாசனைக்கு எங்கள் பொரி உருண்டை ஈடாகாது, ஒத்துக்கொள்கிறேன். சில வீடுகளில் அப்பமும் அடையும் உண்டு. கூடப்பிறந்த அண்ணன் தம்பிகள் நன்றாக இருக்க வேண்டும் என்று பெண்கள் அன்று வேண்டிக்கொள்வதும், அவர்கள் கார்த்திகைச் சீர் கொடுப்பதும் பல குடும்பங்களில் இன்னும் இருக்கிறது, உங்கள் தம்பிக்கு ஞாபகப்படுத்துங்கள்.

கிராமத்துப் பக்கம் சொந்தம் இருந்தால் ஒரு வருடமாவது அங்கே போய்ச் சொக்கப்பனையைப் பாருங்கள். கோயிலுக்கு முன்னால் பனைமரத்தை நட்டு, காய்ந்த ஓலையை உயரச் சுற்றிக் கட்டிக் கொளுத்துவார்கள், சிவன் கோயில், முருகன் கோயில், பெருமாள் கோயில் எதிலும் உண்டு, ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாளே எழுந்தருளி அதைப் பார்க்கிறார். பையன்கள் மாவளி சுற்றுவார்கள். பனையின் ஆண் பூவைச் சுட்டுக் கரியாக்கி, பொடித்துத் துணியில் முடிந்து, பிளந்த பனைமட்டைக்குள் வைத்துக் கட்டி, கயிற்றில் தொங்கவிட்டு நெருப்பு வைத்துச் சுழற்றினால் பொறி வட்டமாகக் கொட்டும். பட்டாசுக் கடையில் காசு கொடுத்து வாங்குவதைவிட இதில் வேலை அதிகம், பனைமரமும் குறைந்துவிட்டதால் செய்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

கடைசியாகத் தேதி. 2026-ல் பௌர்ணமி மாதத்தின் முதல் பத்து நாளுக்குள் வருகிறது, நவம்பர் 24 செவ்வாய்க்கிழமை, கார்த்திகை 8. நட்சத்திரமும் நிறைநிலவும் அன்று மாலை ஒன்றாகவே இருக்கும். எங்கள் மலைத் தீபமும் அன்றுதான். பெருமாள் கோயில் நாள் ஒன்று தள்ளிப்போகவும் கூடும் என்பதால் மாமியார் வீட்டுக் காலண்டரை அக்டோபரிலேயே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், தள்ளிப்போனால் அன்றைக்கும் இரண்டு அகல் ஏற்றிவிடுங்கள். மழை இல்லாமல் வானம் தெளிந்திருந்தால், விளக்கேற்றி முடித்துவிட்டுக் கிழக்கே பாருங்கள், நிலா அப்போதுதான் எழுந்திருக்கும். அதன் பக்கத்தில் கொத்தாக இருக்கும் அறுமீன் நிலா வெளிச்சத்தில் மங்கித்தான் தெரியும், சென்னை வானத்தில் பைனாகுலர் இருந்தால் நல்லது.